ஓட்டைப் படிக்கட்டில் ஒரு கொலு

நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் எல்லோரும் மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்கப்புறம் நான் எழுதியவற்றில் நீளமானது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகும்போது என் கணவர் கையில் கொடுத்தனுப்பும் மளிகைச் சீட்டுதான். அதையும் அவர் புரியவில்லை என்று சொல்லிப் பாதிச் சாமானை விட்டுவிட்டு வருவார். கட்டடக் கலையைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. சாதாரணமாகவே வாயைத் திறக்கிறவள் இல்லை.

ஆனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைப் பார்க்க யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடுத்த பெண் தன் போனில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். "இந்த மாதிரி வீட்டில் வாழ்வது எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் காபி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போவேன். டபராவை மட்டும் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவர்கள் கிளம்பும்வரை அடுப்பங்கரையில் கொத்தமல்லி ஆய்வேன். ஒரு நாள் வந்த பிள்ளைகள் மூன்று மணி நேரம் இருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் கொத்தமல்லித் துவையல்.

அந்தப் பெண்தான் சொன்னாள். "ஆன்ட்டி, பேச வரலேன்னா எழுதிடுங்கோ. யார் கேட்டாலும் கையில குடுத்துடலாம்." அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வீடு லோதி ரோடுக்குத் தெற்கே ஒரு காலனியில் இருக்கிறது. என் மாமனார் மத்திய சர்க்காரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில், இந்தப் பக்கம் மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் வாங்கிப் போட்டு, வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த ஓர் இளைஞரிடம் வரைபடம் வாங்கிக் கட்டினாராம். கல்யாணமாகி மாயவரத்திலிருந்து வந்து நான் இந்த வீட்டு வாசலில் இறங்கியபோது எனக்குப் பகீரென்றது. செங்கல் சுவருக்குப் பூச்சே இல்லை. முன்பக்கம் ஒரு சுவர் முழுக்க சிமெண்டில் கட்டம் கட்டமாக ஓட்டை. உள்ளே கூரையில் சிமெண்ட் கொட்டியபோது வைத்த பலகைகளின் வரி அப்படியே தெரிந்தது. கூடத்துப் படிக்கட்டோ இன்னும் மோசம். சுவரிலிருந்து ஒவ்வொரு மொசைக் பலகையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் வெறும் காற்று. ஏறும்போது கால்விரலுக்கு எதிரே பின்பக்கத் தோட்டம் தெரியும்.

வீடு கட்டி முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். யாரைக் கேட்பது? அப்பாவிடம் மட்டும் போனில் ரகசியமாக, "இன்னும் வேலை பாக்கி இருக்கும் போலிருக்குப்பா" என்றேன். அப்பா மிகவும் கவலைப்பட்டிருக்கிறார். தலை தீபாவளிக்கு எங்களை அழைக்கத் தில்லி வந்தவர், மாமனாரைத் தனியாக அழைத்துப்போய், "பூச்சு வேலைக்கு ஏதாவது ஒத்தாசை வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டார். மாமனார் அதற்கப்புறம் வெகுநாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மாமனார் காலமான பிறகு நாங்கள் வீட்டைக் கட்டி முடித்தோம். அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். மே மாதப் புழுதி வருகிறது என்று ஓட்டைச் சுவருக்குக் கண்ணாடி போட்டோம். செங்கல்லுக்கு வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட். பலகை வரியை மறைக்கப் பொய்க்கூரை. மொசைக் தரை பழசாகத் தெரிகிறது என்று அதன் மேலேயே பளபளப்பான டைல்ஸ். ஒவ்வொன்று முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பஞ்சாபி மாமிகள் வந்து பார்த்து, "அப் லக்தா ஹை கோட்டி" என்றார்கள். இப்போதுதான் பங்களா மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

படிக்கட்டு மட்டும் என்னால் மூடப்பட்டது.

மாமியார் நவராத்திரிக்குப் பெட்டிகளை அடுக்கி அவற்றின் மேல் பலகை போட்டுக் கொலு வைப்பார். பலகை ஆடும். எனக்குப் பொம்மையைத் தொடவே பயம். மாமனாரின் வருஷம் முடிந்து மறுபடி கொலு வைத்த முதல் தடவை, "நம்மாத்துலதான் படியே இருக்கேம்மா" என்றேன். இந்த வீட்டில் நானாகச் சொன்ன ஒரே யோசனை அதுதான். மாமியார் அசந்துபோனார். கீழ்ப்பக்கத்து ஒன்பது படிகளிலும் வெள்ளை வேஷ்டி விரித்துப் பொம்மைகளை வைத்தோம். விளக்கேற்றுவதற்குள் செட்டியார் பொம்மை பின்பக்க ஓட்டை வழியாக விழுந்து, தலை தனியாகவும் கடை தனியாகவும் ஆனது. அடுத்த வருஷத்துக்குள் ஆசாரியைக் கூப்பிட்டு, படிகளுக்கு நடுவே எல்லாம் பிளைவுட் அடைத்து, மேலே தேக்கு நிற சன்மைக்கா ஒட்டினோம். அதற்கப்புறம் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரண, கெட்டியான, மரியாதையான படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டு எனக்கு என்ன செய்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். நான் யார் வீட்டுக்கும் போகமாட்டேன். கோயிலில் பஜனை என்றால் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் நவராத்திரியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்தும், நொய்டாவிலிருந்தும்கூட, எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வருகிறவர்கள் பொம்மையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். நான் சொல்ல வேண்டியது "வாங்கோ", "எடுத்துக்கோங்கோ", "ஒரு பாட்டுப் பாடுங்கோ" அவ்வளவுதான். அவர்கள் பாடுவார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். நானும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். வருஷத்தில் அந்த ஒன்பது நாள்தான் எனக்கு மனுஷர்கள். தில்லித் தமிழர்கள் சிலர் என்னை "படிக்கட்டு மாமி" என்று சொல்வதாகக் கேள்விப்பட்டபோது நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. எனக்கு அதற்கு முன் பெயர் எதுவும் கிடைத்ததில்லை.

இதில் கஷ்டப்பட்டவர் என் கணவர். எங்கள் படுக்கை மாடியில். கொலு நாட்களில் அவர் பின்பக்கம் வேலைக்காரர்களுக்காக வைத்திருந்த இரும்புச் சுழல் படிக்கட்டில் ஏறித்தான் தூங்கப் போக வேண்டும். "சர்க்காருக்கு இத்தனை வருஷம் உழைச்சதுக்கு எனக்குத் தீயணைப்புக்காரன் உத்தியோகம்" என்பார். வயது ஏற ஏற முழங்காலும் சேர்ந்து புகார் சொன்னது.

அவர் ரிடையரான வருஷத்து மழையில் கூரை ஒழுகியது. அவருடைய ஆபீஸ் நண்பரின் பெண் கட்டடக் கலை படித்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு எங்கள் கொலுவுக்கு வந்து சுண்டல் தின்றவள். பார்க்க வந்தவள் ஏணியில் ஏறிப் பொய்க்கூரையில் ஒரு பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டாள். உள்ளிருந்து ஒரு கூச்சல்.

"அங்கிள்! இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. கசிவு" என்றார் இவர்.

"கசிவு இல்ல அங்கிள், ஒரிஜினல் சீலிங்! அப்படியே இருக்கு! ஹே பகவான், இதையா மூடினேள்?"

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒழுகலை அடைக்க வந்தவள் வீட்டையே திறந்தாள். பழைய வரைபடம் இருந்தது. அதில் இருக்கிறபடியே வீட்டைத் திரும்பக் கொண்டுவருவது என்று அவளும் என் கணவரும் முடிவு செய்தார்கள். வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற என் கணவர், திடீரென்று "வெளிச்சம்தான் இந்த வீட்டுக்கு மெட்டீரியல்" என்று பேச ஆரம்பித்தார். பால்காரரிடம்கூடச் சொன்னார். பால்காரர், "அச்சா சாப்" என்றார்.

பொய்க்கூரை போயிற்று. கண்ணாடி போயிற்று. டைல்ஸைப் பெயர்த்தபோது வீடு முழுக்கப் புழுதி, ரசத்தில்கூட. பெயிண்டைச் சுரண்டச் சுரண்டச் செங்கல் சிவப்பாக வெளியே வந்தது. நாங்கள் இத்தனை வருஷம் காசு கொடுத்து ஒட்டியதை எல்லாம் காசு கொடுத்துப் பிய்த்தோம். எனக்கு எதிலும் வருத்தமில்லை. என் கவலை ஒன்றே ஒன்று: படிக்கட்டின் முறை எப்போது?

அவள் வாராவாரம் வருவாள். ஒவ்வொரு தடவையும் நான் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்வேன். "அம்மா, அந்தப் படிக்கட்டை மட்டும் விட்டுடு, நான் அதுல கொலு வைக்கணும்." கஷ்டமான வாக்கியமே இல்லை. குளியலறையில் நன்றாக வரும். அவள் எதிரே நின்றதும், "இன்னொரு வடை போட்டுக்கோ" என்று வரும். வாயால் சொல்ல முடியாததை வடையாவது சொல்லட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, வாரம் ஏற ஏற டிபனும் ஏறியது. உப்புமாவில் தொடங்கி அடை, சேவை, ரவா தோசை என்று போய், கடைசியில் தயிர்வடைக்கு வந்து நின்றது. சாப்பிட்டால் மனது இளகும் என்று கணக்கு. அவளுக்கு மனது இளகவில்லை, இடுப்புத்தான் பெருத்தது. "ஆன்ட்டி, உங்க சைட்டுக்கு வந்தா மட்டும் எனக்கு வெயிட் போடறது" என்றாள்.

கணவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன்னா, நீங்க சொல்லுங்களேன் அவகிட்ட."

"எதை?"

"படிக்கட்டு."

"நானா? மாட்டேன். ஒன்பது நாள் அந்த இரும்புப் படியில தொத்தி ஏறினது யாரு? திறந்துவிடட்டும். உனக்கு வேணும்னா நீயே சொல்லு."

"எனக்கு வராது."

"எனக்கு முழங்கால் மடங்காது. சரியாப்போச்சு."

ஒரு வியாழக்கிழமை, நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்தபோது கூடத்தில் பிளைவுட் உடைகிற சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. ஓர் ஈடு வடை முழுக்கக் கருகும்வரை நின்றேன். பிறகு போய்ப் பார்த்தேன்.

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய அவமானம். சாயங்கால வெயில் பின்பக்கத் தோட்டத்திலிருந்து படிகளுக்கு நடுவே புகுந்து, மொசைக் தரையில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. படிகள் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தன. அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எப்படி வாயைத் திறப்பேன்? கருகிய வடையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதையும் தின்றாள்.

பிறகு அவள் சொன்னாள்: ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள், இது அவளுடைய முதல் வீடு, அட்டையில்கூட வரலாம், படிக்கட்டைப் பார்த்துத்தான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தேதி சொன்னாள். என் கணவர் போனில் குறித்துக்கொண்டார். அது நவராத்திரியின் இரண்டாம் நாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நவராத்திரி நெருங்கியதும் இருவருக்குமே ஞாபகம் வந்தது. வந்ததும் எனக்கு நல்ல நல்ல யோசனைகளாகச் சொன்னார்கள். பிளாஸ்டிக்கில் மடக்குப் படி கிடைக்கிறதாம், மாடி அறையில் வைத்துக்கொள்ளலாமாம். அந்தப் பெண், "ஷெல்ஃப்ல மூணே மூணு பொம்மை வெக்கலாம் ஆன்ட்டி. சிம்பிளா, எலிகண்ட்டா" என்றாள். மூன்று பொம்மையைப் பார்க்க நொய்டாவிலிருந்து யார் வருவார்கள்? "பார்க்கலாம்மா" என்றேன். படிக்கட்டு மாமி மாடி அறை மாமி ஆகப்போகிறாள் என்று தோன்றியது. பிறகு யாருக்கும் எதுவுமாக இல்லாத ஒரு மாமி.

மகாளய அமாவாசை அன்று கணவர் தர்ப்பணம் முடித்துப் பசியோடு வந்தார். வாழைக்காய்க் கறி, வடை, பாயசம் என்று போட்டேன். சாப்பிட்டதும் கீழ் அறையில் குறட்டை விட ஆரம்பித்தார். நான் பெட்டியைத் திறந்தேன்.

பேசத் தெரியாதவர்களுக்கு என்று கொலுவில் ஒரு வசதி இருக்கிறது. கலசம் வைத்துவிட்டால், விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிறவரை எதையும் யாரும் அசைக்கக் கூடாது. யாரிடமும் கேட்க வேண்டாம், வாதாட வேண்டாம். வைத்துவிட்டால் போதும்.

இந்தத் தடவை வேஷ்டி விரிக்கவில்லை. விரித்தால் வெளிச்சம் மறைந்துவிடும். ஓட்டை வழியாக விழாமல் இருக்க, சப்பாத்தி மாவு பிசைந்து ஒவ்வொரு பொம்மைக்கு அடியிலும் ஓர் உருண்டை வைத்து அழுத்தினேன். தசாவதாரம் முழுக்கக் கோதுமை மாவில் நின்றது. பாதி அகலத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதிப் பாதி அவருடைய முழங்காலுக்கு. கடைசியில் கலசத்தை வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அவ்வளவு துணிச்சலான காரியம் நான் செய்ததில்லை.

கணவர் எழுந்து வந்தார்.

"என்னடி இது?"

"கொலு."

"அது தெரியறது. ஃபோட்டோக்காரா வராளே?"

"கலசம் வெச்சாச்சு."

அவர் கலசத்தைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக ஒரு படி ஏறினார். இன்னொரு படி. மச்சாவதாரத்துக்குப் பக்கத்தில் பனியனோடு நின்று திரும்பினார்.

"இந்தப் பாதி எனக்கா?"

"ஆமாம்."

"முன்னாலயே தோணித்தா இது உனக்கு?"

"இன்னிக்குத்தான் தோணித்து."

"இத்தனை வருஷம் கழிச்சு!" என்று சொல்லிக்கொண்டே மேலே போனார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல அவருக்கும் தைரியம் வரவில்லை.

படம் எடுக்கிற அன்று அவள் புதுக் குர்த்தா போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சர்தார்ஜி, காமிராப் பெட்டிகளோடு. கூடத்துக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஆன்ட்டி..."

நான் முந்தானையைத் திருகினேன். சர்தார்ஜி மிகவும் மரியாதையாக, "மாத்தாஜி, யே சப் தோடி தேர் கே லியே ஹடா தேங்?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு எடுத்துவிடலாமா என்று. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு பொம்மையைத் தூக்கக் கையை நீட்டினார். அது வரவில்லை. மாவு இறுகியிருந்தது.

"யே தோ சிபக் கயா!" என்றார். ஒட்டிக்கொண்டுவிட்டதாம்.

அந்தப் பெண் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி அந்தக் குரல் வந்தது. "கொலுவை நடுவுல எடுக்கறதா? புத்தி கெட்டுப் போச்சாடீ உனக்கு? மாமிகிட்ட மன்னிப்பு கேளு மொதல்ல. நான் நாளன்னிக்கு வரேன்னு சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டுக் கடைசிப் படியில், சரஸ்வதிக்குப் பக்கத்தில் இருந்த என் கணவரின் பாதியில், உட்கார்ந்தாள். முகம் வாடிவிட்டது. அவளுடைய முதல் வீடு. அப்போதுதான், வேண்டாத நேரத்தில், பேச வந்தது.

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா. இதை வெச்சாத்தான் நாலு மனுஷா என் ஆத்துக்கு வருவா. இல்லேன்னா நான் யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"அதுக்குத்தான் வடை பண்ணினேன்."

"அத்தனை வடையும் அதுக்கா?"

"தயிர்வடையும்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. சர்தார்ஜி ஓட்டைச் சுவரை எடுத்தார், கூரையை எடுத்தார், தோட்டத்தை எடுத்தார். கிளம்பும்போது தன் போனில் கொலுவை ஒரு படம் எடுத்து, தன் அம்மாவுக்கு அனுப்ப என்றார். இரண்டு பொட்டலம் சுண்டல் கொடுத்தேன்.

மறுநாள் பத்திரிகையிலிருந்து அவளுக்குத் தகவல் வந்தது. படிக்கட்டு இல்லாமல் வீட்டைப் போட இயலாதாம், நவராத்திரி முடிகிறவரை காத்திருக்கவும் முடியாதாம். எனக்குப் போன் செய்து சொன்னாள். பரவாயில்லை ஆன்ட்டி என்றாள். சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பட்டாணிச் சுண்டல் செய்திருந்தேன்.